சுவருக்குப் பெயின்ட் அடிக்காத மூன்று நத்தார்

மகனுக்கு,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது, கைபேசியில் ஏதோ ஓடும் சத்தம் கேட்கிறது. எழுந்து வந்து இதை வாயாலேயே சொல்லியிருக்கலாம். இந்த வாரம் முழுவதும் சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே "ஐயோ அப்பா, கொஞ்சம் விடுங்களேன்" என்கிறாய். கண்டியிலிருந்து கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பியே தலை நரைத்தவன் நான். என் கேள்வியை முடிக்கும்வரை அமைச்சர்கள்கூடப் பொறுத்திருக்கிறார்கள். நீ பொறுக்கமாட்டாய். ஆகவே எழுதுகிறேன். கவரில் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலுக்கு அடியில் விரித்தே வைக்கிறேன். யாரும் படிக்கலாம். உன் அம்மா எப்படியும் உனக்கு முன்னால் படித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை, நாங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஸ்டெல்லா அத்தை நமது ஹோல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பித்தாள். உன் படத்தில் மிச்சமிருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான். அந்தக் காட்சி அந்தச் சுவருக்கு முன்னால் நடக்கவேண்டியது. நீ வந்து பார்த்தாய், கத்தினாய், கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாய், படம் முடிந்துவிட்டது என்று அறிவித்தாய். அத்தை அன்று போனவள் இன்னும் இந்தப் படியேறவில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். அவள் வராத கல்யாணத்தை நடத்த நான் தயாரில்லை. முடிக்காத படத்தோடு உன்னை ஷாமினியிடம் ஒப்படைக்கவும் தயாரில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

தொடக்கம் உனக்கு ஞாபகமிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, இடியப்பத்தைப் பிட்டுக்கொண்டே, "அப்பா, நான் ஒரு படம் எடுக்கப்போறேன்" என்றாய். எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். "முழுப் படம்" என்றாய். காசு? "இல்ல." ஆட்கள்? "அத்தை இருக்காங்க. ரிஸ்வான் இருக்கான்." நேரம்? நீ பேராதனையில் ஆய்வுகூட வேலைக்குப் போய்வருகிறவன். ரிஸ்வான் கண்டியில் அவன் வாப்பாவின் துணிக்கடையில் நிற்கிறவன். "ஞாயித்துக்கிழமைகள்ல" என்றாய். சரி, எங்கே எடுக்கப்போகிறாய் என்று கேட்டேன். நீ ஹோலைச் சுற்றி ஒருமுறை பார்த்தாய். அந்தப் பார்வையைச் செய்தியாளனாகிய நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டேன்.

கதை நல்ல கதை, அதை அன்றும் சொன்னேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. அவன் வருவான் என்று நமது குண்டசாலையில் ஒரு வீட்டில் தாய் தனியே காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தத் தாய் உன் அத்தை. வாழ்நாளெல்லாம் பாடசாலை மேடையில் பிள்ளைகளை நடிக்கவைத்தவள், தான் ஒருநாளும் ஏறாதவள். நீ கேட்டதும் கன்னம் சிவந்து, "எனக்கு இந்த வயசுல எதுக்குடா?" என்றாள். அன்று மாலையே கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று உன் அம்மா சொன்னாள்.

சிக்கல் சுவரில்தான் தொடங்கியது. கூரைத் தகடு ஒன்று வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஹோலின் பச்சைச் சுவரில் மேல் மூலையிலிருந்து சோபாவுக்குப் பின்னால்வரை ஒரு கறை ஓடியிருந்தது. நான் மேசனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவன் ஏணியோடு வந்துவிட்டான். நீ ஏணிக்கும் சுவருக்கும் நடுவே நின்றாய். "அப்பா, அந்தக் கறையிலதான் படமே இருக்கு!" மேசன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஏணியைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கும்போது, "மாத்தயா, மகனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு கண்டினியூட்டி என்ற சொல் இந்த வீட்டுக்குள் வந்தது. முதல் காட்சியில் இருந்தது கடைசிக் காட்சியிலும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர். திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தால் அதே மடிப்போடு தொங்கவிட வேண்டும். சோபாவை நகர்த்தக்கூடாது. நாட்காட்டியில் நீ தொடங்கிய மாதத்துக்குப் பின் வேறு மாதம் வரக்கூடாது. "இந்த வீட்டுல இன்னைக்கு என்ன தேதின்னே எனக்குத் தெரியல" என்று உன் அம்மா சொன்னது பகிடியல்ல. மாமாவின் நினைவுப் பூசையை அவள் தவறவிட்டது அந்த நாட்காட்டியால்தான். கூரையைத் திருத்த விடவில்லை, ஆகவே மழை பெய்தால் சோபாவுக்குப் பக்கத்தில் வாளி. வாளி படத்தில் இல்லை, ஆகவே படப்பிடிப்பு நாளில் வாளியும் கூடாது. அத்தை அழும் காட்சியில் நிலத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, ரிஸ்வான் "மச்சான், இது நல்லா ஈக்கி, கண்ணீர் மாதிரியே ஈக்கி" என்றான். நான் துடைப்பத்தோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சத்தத்தின் கதை தனி. துடைப்பத் தடியில் கட்டிய மைக்கை ரிஸ்வான் தூக்கிப் பிடிப்பான், நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கவேண்டும். பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் "கட்! பாண்காரன்!" பஸ் மேட்டில் ஏறினால் "கட்!" உன் அம்மா குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், அத்தையின் நீண்ட வசனத்தின் கடைசிச் சொல்லில் அது விசிலடித்த அன்று, நீ பெற்ற தாயைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நமது வீட்டில் சமையலில்லை, பாணும் சம்பலும்தான். ஒரு ஞாயிறு மலைப்பக்கத்தில் மண் சரிந்து வீதி மூடிவிட்டது. செய்தி உடனே போகவேண்டும். ஹோலில் படப்பிடிப்பு. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைக் கையால் பொத்தி, கொழும்புச் செய்தி மேசைக்குக் கிசுகிசுத்தேன். மறுமுனையில் இருந்த இளைஞன் பதறிவிட்டான். "சேர், உங்களுக்கு ஏதும் பிரச்சினையா? பக்கத்துல யாரும் இருக்காங்களா? ஆமான்னா இருமுங்க" என்றான். நமது குளியலறைக் குளிருக்கு இருமல் தானாகவே வந்தது. அவன் பொலிஸுக்குச் சொல்லாமல் தடுக்க நான் பட்ட பாடு, மண்சரிவுக்குப் பட்ட பாட்டைவிடப் பெரிது.

என்னையும் நடிக்கவைத்தாய். கிராம சேவகர் வேடம். தாயிடம் வந்து, மகனைப் பற்றிய விவரம் கேட்டுப் போகவேண்டும். "அப்பா, நடிக்காதீங்க" என்றாய். சரி என்று சாதாரணமாகப் பேசினேன். "அப்பா, பேட்டி எடுக்காதீங்க" என்றாய். கிராம சேவகர் ஒருவர் இந்த ஒழுங்கில் கேள்வி கேட்கமாட்டார் என்று விளக்கினேன். ரிஸ்வான் தடியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். பிறகு என்னைப் படத்திலிருந்தே வெட்டிவிட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை. இருந்தாலும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

இப்போது நத்தாருக்கு வருகிறேன். கிறிஸ்மஸ் கொண்டாடும் நமது ஆட்களின் வீடுகளில் மார்கழி பிறந்தால் பெயின்ட் வாசம் அடிக்கவேண்டும். வசதி இருந்தால் முழு வீட்டுக்கும், இல்லாவிட்டால் ஹோலுக்கு மட்டும், அதுவும் இல்லாவிட்டால் வீதியிலிருந்து தெரிகிற முன் சுவருக்காவது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் நான் பிறந்த காலத்திலும் சுண்ணாம்பாவது பூசினார்கள். முதல் நத்தாருக்கு வந்த சொந்தக்காரர்கள் கறையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்த வருஷம் பெயின்ட்காரன் கிடைக்கலியா?" என்று சிரித்தார்கள். "மகன் படம் எடுக்கிறான்" என்றோம். அவர்கள் சுவரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நத்தாருக்குக் கரோல் பிள்ளைகள் வந்தார்கள். கிட்டார், மேளம், நட்சத்திர விளக்கு எல்லாம் இருந்தது. ஒழுங்கை முழுவதும் பாடிக்கொண்டு வந்தவர்கள் நமது படலையில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளை மட்டும் மெல்ல உள்ளே வந்து, திறந்திருந்த ஹோலை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த வருஷம் பாடலாமா?" என்று கேட்டது. உன் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "பாடுங்க பிள்ளை, நல்லாப் பாடுங்க. இந்த வீட்டுல யாரும் சாகல" என்றாள். நீ அப்போது உள்ளே இருந்து காதில் ஹெட்போனோடு எடிட்டிங் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர்கள் பாடி முடித்துப் போனபின் அவள் குசினியில் நின்று அழுதாள். இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கமராவோடு குசினிக்கு வந்திருப்பாய் என்று பயந்தேன்.

மூன்றாம் நத்தாருக்கு நடந்ததை நீ அறிவாய், நீயே படம் பிடித்தாய். பங்குக் கோயிலின், வசதியில்லாதவர்களுக்கு உதவும் சபையிலிருந்து இருவர், உலர் உணவுப் பொதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நமது வாசலுக்கு வந்தார்கள். அந்த நேரம் ஹோலில் படப்பிடிப்பு. கதவைத் திறந்தது வேடத்தில் இருந்த அத்தை. சாயம் போன அந்தப் பழுப்புச் சேலை, எண்ணெய் காணாத தலை, பின்னால் கறை ஓடிய சுவர். அவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள், அவளைத் தெரியாது. "அம்மா, நத்தார் வாழ்த்துக்கள். குறையா நினைக்காதீங்க" என்று பொதியை நீட்டினார்கள். அத்தை உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொதியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "மகன் வந்ததும் சொல்றேன்" என்றாள். அவர்கள் போனபின் ரிஸ்வான் தடியோடு உட்கார்ந்துவிட்டான். "மச்சான், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு." உனக்குக் கண் பளபளத்தது. நான் குசினியிலிருந்து வெளியே வந்து சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை. அந்த இருவரிடமும் போய், நடந்ததைச் சொல்லி, படத்தைக் காட்டி, அவர்கள் சரி என்றால் மட்டும் வைத்துக்கொள், இல்லையென்றால் அழித்துவிடு என்றேன். "அப்பா, இது நியூஸ் இல்ல, சினிமா" என்றாய். முகம் அவர்களுடையது, மகன். நீ எதில் போட்டாலும் அது அவர்களுடையதுதான். முணுமுணுத்துக்கொண்டு போனாய். அவர்கள் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பொதியைத் திருப்பி வாங்கமாட்டோம் என்றதால், மேட்டு வீட்டில் தேவைப்பட்ட ஒருவருக்கு அதைக் கொடுத்தோம். கேட்டுச் செய்த காட்சியைப் பயமில்லாமல் காட்டலாம். இந்த ஒன்றையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்.

அத்தை இந்தப் படத்துக்குக் கொடுத்தது என்னவென்று நீ எப்போதாவது யோசித்தாயா? கண்டி பஸ் நிலையத்தில் அவளை அதே சேலையோடு உட்காரவைத்து, நீ எதிர்க்கடையில் நின்று தூரத்திலிருந்து எடுத்தாய். மகன் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் காட்சி. பஸ்களின் நேரக்கணக்குப் பார்க்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் அவளுக்கு ஒரு பிளேன்டியும் பணிஸும் வாங்கிக் கொடுத்து, "பொன்ன அம்மே" என்று குடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். மறுநாள் எனக்கு ஓர் அழைப்பு. அவளிடம் படித்த பெண், இப்போது கண்டியில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவள். "சேர், தப்பா எடுக்காதீங்க. டீச்சருக்கு என்ன நடந்திச்சு? பஸ் ஸ்டான்ட்ல பார்த்தேன். பக்கத்துல போகத் தைரியம் வரல." சொல்லிவிட்டு அந்தப் பெண் விம்மினாள். நான் விளக்கினேன். அவள் நம்பினாளோ தெரியாது. அன்று பின்னேரம் அத்தையிடம் சொன்னேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மடிப்புக் கலையாத சேலையோடு வாழ்நாளெல்லாம் நின்றவள் அவள். "அப்ப நல்லா நடிச்சிருக்கேன் போல, அண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்த ஞாயிறு வரும்போது, சேலையைப் பையில் கொண்டுவந்து இங்கே மாற்றிக்கொண்டாள். ஒழுங்கையில் யாரும் பார்க்காதபடி. நீ அதையும் கவனிக்கவில்லை.

இனிப் போன சனிக்கிழமை. ஞாயிறு ஷாமினி வீட்டார் அட்டனிலிருந்து நமது வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நீ வேலைக்குப் போய்விட்டாய். நானும் அம்மாவும் சந்தைக்குப் போய் இரண்டு கையிலும் பைகளோடு வந்து இறங்கினால், வாசலில் பெயின்ட் வாசம். ஹோல் முழுவதும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். நடுவில் உன் அத்தை, தலையில் துவாய் கட்டிக்கொண்டு. "அண்ணே, எப்புடி? பீச் கலர்." உன் அம்மா பைகளைக் கீழே வைத்தாள், சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள், "அப்பாடா" என்று கதிரையில் உட்கார்ந்தாள். நாட்காட்டியும் புதிது. நான்தான், "ஸ்டெல்லா, அவன்கிட்டக் கேட்டியா?" என்றேன். "கேட்டா விடுவானா?" என்றாள்.

நீ வந்தாய். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தான். ஏன்டா அப்புடிப் பாக்குற? நாளைக்கு அந்த வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, பொண்ண இங்கயா கொண்டுவந்து விடப்போறோம்னு யோசிக்க மாட்டாங்களா?"

"அத்தை, ஒரு சீன். ஒரே ஒரு சீன் மிச்சம். மூணு வருஷமா அந்தச் சுவரக் காப்பாத்திக்கிட்டு வந்தேன்."

"சுவரக் காப்பாத்துனியா? நாங்க எல்லாரும் அதுக்குள்ளதாண்டா இருந்தோம்!"

"நீங்க என் படத்தக் கொன்னுட்டீங்க. அவ்வளவுதான். முடிஞ்சிது."

அவள் துவாயை அவிழ்த்து மடித்துக் கதிரையின் கையில் வைத்தாள். குடையை எடுத்தாள். உன் அம்மா, "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றதற்கும் திரும்பவில்லை. மறுநாள் ஷாமினியின் அப்பா சோபாவில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு நல்லா வெளிச்சமா இருக்குங்க" என்றார். நீ பல்வலிக்காரன் மாதிரிச் சிரித்தாய். ஷாமினி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீ ஏதோ சொல்லவேண்டியிருக்கிறது, அதை நான் சொல்லித்தர முடியாது.

அத்தை செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. கேட்டுச் செய்திருக்கவேண்டும், கேட்கவில்லை. உனக்கு நான் சொன்ன அதே விதிதான் அவளுக்கும். ஆனால் படம் செத்துவிட்டது என்கிறாயே, அதில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இந்த வாரம் முழுவதும் நான் சொல்ல முயன்று, நீ காது கொடுக்காத விஷயம் இதுதான். இப்போதாவது கடைசிவரை படி.

உன் கதையில் இருக்கும் தாய் யார்? நமது ஆள். பூசைக்குப் போகிறவள், குண்டசாலையில் இருக்கிறவள். அவளுடைய வீட்டுச் சுவருக்கு மூன்று நத்தாராகப் பெயின்ட் இல்லை. ஏனென்று முதல் வருஷமே கேட்டேன். "அவங்க துக்கத்துல இருக்காங்க, அப்பா" என்றாய். அவள் துக்கத்தில் இல்லை, மகன். அவள் காத்திருக்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. நத்தாருக்குப் பெயின்ட் அடிக்காத வீடு எது? பலகாரம் சுடாத வீடு எது? கரோல் பிள்ளைகள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, பாடலாமா என்று கேட்கிற வீடு எது? அந்த வருஷம் சாவு விழுந்த வீடு. மகன் வருவான் என்று நம்புகிறவள் கடன் வாங்கியாவது சுவருக்கு அடித்துவைப்பாள். வருகிறவன் கறையையா பார்க்கவேண்டும்? நீ கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றிய அந்தச் சுவர், மூன்று வருஷமாக ஒழுங்கை முழுவதற்கும் அவள் மகன் செத்துப்போனான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாயால் வருவான் வருவான் என்கிறாள், சுவரால் துக்கம் காக்கிறாள். நீ அறியாமல் எடுத்துவைத்திருக்கும் படம் அதுதான். நான் பார்த்தவரை, நீ நினைத்து எடுத்ததைவிட இது நல்ல படம்.

ஆகவே ஒன்றும் வீணாகவில்லை. எடுத்தது எல்லாம் அப்படியே இருக்கட்டும். மூன்று நத்தாருக்கு அவள் அடிக்கவில்லை. நான்காவதுக்கு அடிக்கிறாள். ஏன் என்று நீ விளக்கவேண்டாம். கடிதமும் வரவேண்டாம், தொலைபேசியும் அடிக்கவேண்டாம். தலையில் துவாய் கட்டிக்கொண்டு, கையில் பிரஷோடு அவள் நிற்கட்டும். எழுதிவைத்த கடைசி வசனத்தை வீசிவிடு, அது எப்படியும் நீளம். செய்தி எழுதுகிறவனுக்கு நினைத்தது கிடைக்காத நாட்கள்தான் அதிகம். கூட்டம் ரத்தாகும், பேசவேண்டியவர் பேசமாட்டார், மழையில் வீதி மூடும். இருப்பதை எழுதி அனுப்புவோம். பல நாட்களில் அதுதான் செய்தியாக இருக்கும்.

கல்யாணத்துக்கும் இதையே சொல்லிவைக்கிறேன், தனியாகப் புத்திமதி எழுத எனக்குப் பொறுமையில்லை. ஷாமினி வந்ததும் சோபாவை நகர்த்துவாள். திரைச்சீலையை மாற்றுவாள். நீ வைத்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அப்போது ஏணிக்குக் குறுக்கே போய் நிற்காதே. அவள் மாற்றியபிறகு அறைக்குள் வந்து விளக்கைப் போட்டு, நல்லாய்ப் பார். பிடிக்காவிட்டால் சொல், கத்தாதே. உன் அம்மா மூன்று வருஷம் குக்கரை அடக்கிவைத்தாள், அவளுக்கு நீ மகன். ஷாமினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இன்னும் ஒன்று. ஷாமினி வீட்டார் வந்துபோனபிறகு நீ ஹோலுக்குள் வரவில்லை, பின்பக்கத்தால் போய்வருகிறாய். ஆகவே உனக்குத் தெரிந்திருக்காது. அத்தை சுவருக்கு அடிப்பித்தாளே தவிர, கூரையைத் திருத்தவில்லை. செவ்வாய்க்கிழமை பெய்த மழைக்குப் பிறகு, மேல் மூலையில் புதுப் பெயின்ட்டுக்கு உள்ளிருந்து பழைய கறை உள்ளங்கை அளவுக்குத் திரும்ப எட்டிப்பார்க்கிறது. மேசனுக்குச் சொல்லியனுப்ப அன்றே தொலைபேசியைக் கையில் எடுத்தேன். மூன்று வருஷமாக அந்த மனுஷனுக்காகத்தான் உன்னோடு சண்டை பிடித்தேன். இப்போது தடுக்க யாருமில்லை. ஆனாலும் தொலைபேசியை வைத்துவிட்டேன். நாளை ஞாயிறு. அந்த ஒரு நாள் அது அப்படியே இருக்கட்டும். திங்கட்கிழமைக்கு அவனை வரச் சொல்வேன், அன்று குறுக்கே நின்றால் ஏணியை உன்மேல் சாய்க்கச் சொல்வேன்.

கமராவை எடுப்பதற்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போ. நான் சமாதானம் பேசப் போகமாட்டேன், அம்மாவையும் அனுப்பமாட்டேன். கத்தியது நீ. சாட்டுச் சொல்லாதே, போனதும் படத்தைப் பற்றித் தொடங்காதே. முதலில் உட்கார், அவள் தரும் தேத்தண்ணியைக் குடி. ரிஸ்வான் நேற்றுக் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், ஞாயித்துக்கிழமை வாப்பாகிட்ட லீவு கேக்கவா வேணாமா? சும்மா கேட்டா ஏசுவாங்க" என்றான். கேட்டுவை என்றேன். உன் அம்மாவும் காலையிலிருந்து இரண்டு தரம் என்னிடம் வந்து, "நாளைக்குக் குக்கர் வைக்கலாமா வேணாமா, அவன்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். எனக்கென்ன தெரியும்?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தை அந்தப் பழுப்புச் சேலையைத் துவைத்துக் காயவைப்பாள், ஞாயிறு பைக்குள் போட்டுக்கொண்டு வர. இன்று சனிக்கிழமை. காலையில் பத்திரிகை வாங்கப் போனபோது அவள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். படலை சாத்தியிருந்தது, அவளைக் காணவில்லை. கொடியில் அந்தச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மேற்கில் இப்போது இருட்டிக்கொண்டு வருகிறது. அவளுக்குக் கால்வலி, ஓடிவந்து எடுக்கமுடியாது. மழைக்கு முன்னால் போ.

அப்பா